அண்ணன் நினைத்தால் கிரீன் கார்டு பறிபோய்விடுமா?

கடிதத்தின் சுருக்கம்

நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசன் நகரிலிருந்து வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 52. தஞ்சைப் பகுதியில் ஒரு சிறு நகரில் பதினெட்டு ஆண்டுகள் அச்சகம் நடத்தியவர். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அவருடைய அண்ணன், தம்பிக்காக 2005இல் குடியேற்ற மனு போட்டார். அது பலித்தபோது 2023 மார்ச் ஆகிவிட்டது. அச்சகத்தையும் இருந்த வீட்டையும் விற்று, மனைவியோடும் மகளோடும் வந்து இறங்கினார். மூத்த மகனுக்கு வயது வரம்பு கடந்துவிட்டதால் அவனை மட்டும் ஊரில் விட்டுவர நேர்ந்தது.

வந்த மூன்றாம் வாரமே, அண்ணனின் நண்பர் நடத்தும் காஸ் ஸ்டேஷனில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த நண்பருக்கு மூன்று ஸ்டேஷன்களும் பன்னிரண்டு வேலையாட்களும் உண்டு. வாரம் ஆறு நாள், நாளொன்றுக்குப் பதினொரு மணி நேரம், மணிக்கு 11 டாலர், அதுவும் முழுக்கக் கேஷ். யாராவது பெட்ரோல் நிரப்பிக்கொண்டு காசு கொடுக்காமல் வண்டியை ஓட்டிச் சென்றுவிட்டால், அந்தத் தொகை இவர் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும். மனைவி ஒரு தமிழ் ஐ.டி. குடும்பத்தின் இரண்டு குழந்தைகளை வாரம் 50 மணி நேரம் பார்த்துக்கொள்கிறார். கிடைப்பது 400 டாலர். ஒரு படுக்கையறை வீட்டுக்கு வாடகை 1,950 டாலர். ஊரில் அம்மாவின் மருந்துச் செலவுக்கு மாதந்தோறும் அனுப்ப வேண்டும். விமானச் செலவு, முதல் ஆறு மாத வாடகை என்று அண்ணன் கொடுத்த 15,000 டாலர் கடனும் நிற்கிறது. சென்ற ஆண்டு சிறுநீரகக் கல்லுக்காக அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு இரவு இருந்ததற்கு 8,000 டாலருக்கு மேல் பில் வந்திருக்கிறது.

இப்போது அந்த முதலாளி, 40,000 டாலர் கொடுத்தால் புதிதாகத் திறக்கும் கடையில் பங்கு தருவதாகச் சொல்கிறார். ஊரில் மிச்சமிருக்கும் ஒன்றரை ஏக்கரை விற்றால் அந்தப் பணம் தேறும். "இவர்களைப் பகைத்துக்கொண்டால் அண்ணன் என் கிரீன் கார்டை ரத்து செய்துவிடுவாரோ? கேஷாகச் சம்பளம் வாங்கிய நான் புகார் கொடுத்தால் நாடுகடத்தப்படுவேனோ? பங்கில் சேர்வதா, இப்படியே ஓட்டுவதா, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கே திரும்பிவிடுவதா? என் சாமர்த்தியக் குறைவால் இங்கே தோற்றுவிட்டேன் என்று தோன்றுகிறது" என்று முடித்திருக்கிறார்.

பதில்

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்களை எங்கே திரும்பினாலும் தடுத்து நிறுத்துவது அண்ணனைப் பற்றிய அச்சம்தான் என்பதால், அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கிரீன் கார்டை அண்ணனால் ரத்து செய்ய முடியாது. மனு போட்டவர், விசா கிடைப்பதற்கு முன்பு தம் மனுவைத் திரும்பப் பெறலாம். நீங்கள் கிரீன் கார்டுக்குரிய நிரந்தரவாசியாக இந்த நாட்டுக்குள் நுழைந்த நாளோடு அந்த அதிகாரம் தீர்ந்துவிட்டது. அதன் பிறகு அவருக்கு மிஞ்சியிருப்பது அதிகாரமல்ல, பொறுப்பு. உங்களை வரவழைத்தபோது அவர் ஐ-864 என்ற ஆதரவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருப்பார். உங்கள் குடும்பத்தின் வருமானம் வறுமைக்கோட்டு அளவின் 125 சதவீதத்துக்குக் கீழே போகாமல் தாங்குவேன் என்று அவர் அரசுக்குக் கொடுத்த வாக்குறுதி அது. நீங்கள் குடியுரிமை பெறும்வரை, அல்லது 40 காலாண்டு உழைப்புக் கணக்கில் சேரும்வரை அந்த வாக்குறுதி அவரைக் கட்டுப்படுத்தும். அதை வைத்து அண்ணன்மீது வழக்குப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற கணக்கு உங்கள் மனத்தில் தலைகீழாகப் பதிந்திருக்கிறது என்பதால் சொல்கிறேன். அவர் தந்த 15,000 டாலர் வேறு விஷயம். அது கைமாற்று, முடிந்தபோது திருப்பித் தர வேண்டியது. அந்தக் கடனுக்கு ஈடாக அவருடைய நண்பரிடம் குறைந்த கூலிக்கு உழைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

தோற்றுவிட்டதாக நீங்கள் எழுதியிருப்பதற்கும் இதன் தொடர்ச்சியாகவே பதில் சொல்ல வேண்டும். உங்கள் கணக்கை எடுத்து உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். தோற்றவருடைய கணக்காக அது எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்கு வர வேண்டியது எவ்வளவு?

நியூ ஜெர்சியில் 2025ஆம் ஆண்டுக்கான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 15.49 டாலர். வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் உழைக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு தர வேண்டும் என்பது 1938ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம். மாநிலச் சட்டமும் அதையே சொல்கிறது. நீங்கள் உழைப்பது வாரம் 66 மணி நேரம். முதல் 40 மணிக்கு 619.60 டாலர், அடுத்த 26 மணிக்கு ஒன்றரை மடங்கு வீதம் 604.11 டாலர், ஆக 1,223.71 டாலர். உங்கள் கைக்கு வருவது 726. வாரத்துக்கு ஏறத்தாழ 500 டாலர், மாதத்துக்கு ஏறத்தாழ உங்கள் வீட்டு வாடகை அளவுக்கு, உங்களிடம் வந்து சேரவேயில்லை. 2023இலும் 2024இலும் குறைந்தபட்ச ஊதியம் சற்றுக் குறைவாக இருந்ததால் அந்த ஆண்டுகளின் பாக்கியைத் தனியே கணக்கிட வேண்டும். காசு கொடுக்காமல் ஓடிய வண்டிக்காக உங்கள் சம்பளத்தில் பிடித்ததும் சட்டவிரோதமே. வியாபாரத்தில் வரும் நட்டத்தைக் கூலிக்காரன் தலையில் கட்ட இந்த மாநிலத்தில் முதலாளிக்கு உரிமை கிடையாது.

உங்கள் மனைவியின் கணக்கு இதைவிட வருத்தம் தருகிறது. ஆறு பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கு 2025இல் விகிதம் 14.53 டாலர். அந்தக் குறைந்த விகிதப்படி பார்த்தாலும் 50 மணி நேரத்துக்கு 799 டாலர் வர வேண்டும்; அவருக்குக் கிடைப்பது சரியாக அதில் பாதி. "வீட்டோடு வீடாகப் பார்த்துக்கொள்கிறார்கள், பண்டிகைக்குப் புடவை எடுத்துக் கொடுக்கிறார்கள், அவர்களிடம் எப்படிக் கேட்பது" என்று அவர் தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நியூ ஜெர்சியில் வீட்டுப் பணியாளர்களுக்கென்றே தனி உரிமைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. எழுத்து மூல ஒப்பந்தம், உணவு இடைவேளை, ஓய்வு எல்லாவற்றையும் அது கட்டாயமாக்குகிறது. அந்தக் குடும்பத்தார் கெட்டவர்கள் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. தாங்கள் ஒருவரை வேலைக்கு அமர்த்தியிருக்கும் முதலாளிகள் என்றே அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். முதலில் அமைதியாகப் பேசிப் பார்க்கலாம். உங்கள் முதலாளியின் விஷயத்தில் அந்த அமைதி பயன்படும் என்று நான் நம்பவில்லை. பன்னிரண்டு பேருக்குக் கேஷாகச் சம்பளம் கொடுக்கும் ஒருவர், அதை அறியாமையால் செய்வதில்லை.

இந்தப் பாக்கியை வசூலிக்க என்ன வழி என்றால், மாநிலத் தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமலேயே நீங்கள் புகார் தரலாம். அல்லது நீதிமன்றம் செல்லலாம். தொழிலாளி வென்றால் அவருடைய வழக்கறிஞர் கட்டணத்தையும் முதலாளியே தர வேண்டும் என்று சட்டம் சொல்வதால், முன்பணம் வாங்காமல் இத்தகைய வழக்கை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். 2019இல் நியூ ஜெர்சி கொண்டுவந்த ஊதியத் திருட்டுச் சட்டத்தின்படி ஆறு ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று பாக்கி கேட்கலாம். பாக்கியோடு அதைப் போல் இரு மடங்கு வரை இழப்பீடும் கேட்கலாம். கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் போனால் இரண்டு ஆண்டுகள்தான், முதலாளி தெரிந்தே செய்தார் என்று காட்டினால் மூன்று ஆண்டுகள். உங்களுக்கு மாநிலச் சட்டமே நல்லது. இழப்பீடு முழுவதும் கிடைத்தே தீரும் என்று நான் உறுதி தர மாட்டேன். பல வழக்குகள் நடுவிலேயே சமரசத்தில் முடிகின்றன. சில முதலாளிகள் சொத்தை மனைவி பெயருக்கும் மைத்துனர் பெயருக்கும் மாற்றிவிடுகிறார்கள்.

"என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லையே" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை நேரத்தைப் பதிவு செய்து வைப்பது முதலாளியின் கடமை. அவர் வைக்காவிட்டால், தொழிலாளி நியாயமாக நினைவுகூர்ந்து காட்டும் கணக்கை நீதிமன்றம் ஏற்கலாம், அதை மறுக்கும் சுமை முதலாளியுடையது என்று மிச்சிகன் மாநிலத்து மண்பாண்டத் தொழிற்சாலை ஒன்றின் வழக்கில் 1946இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். 2023லிருந்து எந்த மாதம், எந்த ஷிப்ட், எத்தனை மணி, எவ்வளவு கொடுத்தார், எவ்வளவு பிடித்தார் என்று நினைவிருக்கும் வரை எழுதுங்கள். இனி ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்ததும் அன்றைய நேரத்தைக் குறித்து வையுங்கள். "நாளை காலை ஐந்து மணிக்கு வந்து திற" என்று முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஒவ்வொன்றும் சாட்சியம். போன் மாற்றும்போது அழித்துவிடாதீர்கள்.

புகார் கொடுத்தால் வேலை போகும் என்ற அச்சம் பொய்யானதல்ல. நம் ஊரில் போல் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இந்த நாட்டில் பெரும்பாலான வேலைகளுக்கு இல்லை. ஆனால் ஊதியம் கேட்டதற்காக வேலையை விட்டு நீக்குவது தனிக் குற்றம். புகார் கொடுத்த 90 நாட்களுக்குள் நீக்கினால், அது பழிவாங்கல் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. அப்படியிருந்தும், வேறு வேலையைப் பார்த்து வைத்துக்கொண்ட பிறகு புகார் கொடுப்பதே உங்கள் நிலையில் நல்லது என்பது என் கருத்து. கால வரம்பு ஆறு ஆண்டு இருப்பதால், இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போவதால் பெரிய இழப்பு இல்லை. 1949இலிருந்து பெட்ரோலை வாடிக்கையாளர் தாமே நிரப்பக்கூடாது என்று தடை வைத்திருக்கும் மாநிலம் இது. பம்ப் அருகே நிற்க இங்கே எப்போதும் ஆள் தேவை. ஒழுங்காகச் செக்கில் சம்பளம் தரும் ஸ்டேஷன்களும் இருக்கின்றன.

கேஷ் சம்பளத்தால் வரும் உண்மையான ஆபத்து

கேஷாக வாங்கியதற்காக நாடுகடத்துவார்கள் என்று பயந்திருக்கிறீர்கள். செய்த வேலைக்குக் கூலி கேட்பது குடியேற்றக் குற்றம் அல்ல. ஆவணம் எதுவும் இல்லாதவருக்கும் அந்த உரிமை உண்டு, நீங்களோ நிரந்தரவாசி. சம்பளத்தைக் கேஷாகக் கொடுப்பதேகூடக் குற்றமில்லை. அதைக் கணக்கில் காட்டாமல் மறைப்பதுதான் குற்றம். இங்கே உங்கள் பங்கும் ஒன்று இருப்பதால் அதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. "கேஷுக்கு வரி கிடையாது" என்று முதலாளி உங்களிடம் சொன்னது தவறு. 2023க்கும் 2024க்கும் நீங்கள் வரிக் கணக்குத் தாக்கல் செய்திருக்க வேண்டும். தாமதமாகவேனும் இப்போது செய்துவிடுங்கள். ஆண்டுச் சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2 படிவத்தை முதலாளி தராவிட்டால் அதற்கு மாற்றாக 4852 என்ற படிவம் இருக்கிறது. நிரந்தரவாசி ஒருவர் குடியுரிமைக்கு மனுச் செய்யும்போது நன்னடத்தையைப் பார்ப்பார்கள். வரிக் கணக்கு அதில் முக்கியமானது.

முதலாளியின் கணக்காளர் "பாதி வருமானத்தை மட்டும் காட்டலாம்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எக்காரணம் கொண்டும் அப்படிப்பட்ட படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். கலிபோர்னியாவில் உணவகம் நடத்திவந்த ஜப்பானியத் தம்பதி ஒருவர், உங்களைப் போல் நிரந்தரவாசிகள், பொய்யான வரிக் கணக்கு தொடர்பான குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார்கள். அரசுக்கு 10,000 டாலருக்கு மேல் இழப்பு ஏற்பட்டதால் அவர்களை நாடுகடத்தலாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாமதமான உண்மைக் கணக்கைச் சரிசெய்ய வழி உண்டு. தெரிந்தே எழுதிய பொய்க் கணக்கு உங்களை விமானம் ஏற்றிவிடக்கூடும்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உங்கள் கண்ணில் படவேயில்லை. முதுமையில் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியமும், 65 வயதில் மாதக் கட்டணமில்லாத மெடிகேர் மருத்துவமனைக் காப்பீடும் கிடைக்க 40 கிரெடிட்கள் வேண்டும். 2025இல் கணக்கில் வந்த சம்பளம் ஒவ்வொரு 1,810 டாலருக்கும் ஒரு கிரெடிட், ஆண்டுக்கு அதிகபட்சம் நான்கு. ஆக, குறைந்தது பத்து ஆண்டு. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதில் ஒப்பந்தம் இல்லாததால் ஊரில் உழைத்த காலம் எதுவும் சேராது. 2023இல் முறையாகத் தொடங்கியிருந்தால் 2032இல், உங்கள் ஐம்பத்தொன்பதாம் வயதில், 40 நிறைந்திருக்கும். கேஷில் வாங்கியதால் மூன்று ஆண்டுகளாக உங்கள் கணக்கு சைபரிலேயே நிற்கிறது. இதைத் திருத்தக் காலம் இருக்கிறது. ஓர் ஆண்டின் வருமானப் பதிவை, அந்த ஆண்டு முடிந்து மூன்று ஆண்டு, மூன்று மாதம், பதினைந்து நாட்கள் வரை சாட்சியத்தோடு திருத்தக் கேட்கலாம். 2023க்கான கெடு 2027 ஏப்ரல் 15. ஊதியப் புகாரில் வரும் பாக்கித் தொகை முதலாளியின் கணக்கில் சம்பளமாகவே ஏற வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

பங்குதாரர் ஆகலாமா?

வேண்டாம். கடிதத்தில் நீங்கள் கேட்ட கேள்விகளில் நான் தயக்கமே இல்லாமல் பதில் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

எழுத்தில் எதுவும் இல்லாமல், எத்தனை சதவீதம் என்றுகூடச் சொல்லாமல், கடையின் கணக்குப் புத்தகத்தைக் கண்ணில் காட்டாமல் 40,000 டாலர் கேட்கிறார்கள். கொடுத்த மறுநாளிலிருந்து நீங்கள் "பங்குதாரர்". பங்குதாரருக்குக் குறைந்தபட்ச ஊதியம் இல்லை, ஓவர்டைம் இல்லை. நீங்கள் என்றாவது பாக்கி கேட்டால், "இவர் என் வேலையாள் அல்ல, கூட்டாளி" என்று நீதிமன்றத்தில் சொல்ல அவருக்கு ஒரு காகிதம் கிடைத்துவிடும். கடைக்கு இருக்கும் கடனும் வரி பாக்கியும் உங்கள் தலையிலும் விழக்கூடும். உங்களுக்கு அவர் தர வேண்டிய பாக்கியே இப்போது 40,000 டாலரைத் தாண்டியிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். உங்களுக்குச் சேர வேண்டிய பணம் அவரிடம் இருக்க, ஊர் நிலத்தை விற்று இன்னும் கொடுக்கச் சொல்கிறார். அந்த ஒன்றரை ஏக்கர் உங்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே பிடிமானம். அதைக் கையைவிட்டுப் போக விடாதீர்கள்.

இந்தக் கோரிக்கை உங்கள் மனத்தில் ஏன் இவ்வளவு எளிதாக இடம்பிடித்தது என்பதும் எனக்குத் தெரியும். "சொந்தக் கடை" என்ற சொல்லுக்காகத்தான் நீங்கள் பதினெட்டு ஆண்டு காத்திருந்தீர்கள். உழைத்தவன் எவனும் உயர்வான் என்பதை 'அமெரிக்கக் கனவு' என்ற பெயரில் 1931இல், பெருமந்தத்தின் நடுவில், ஜேம்ஸ் டிரஸ்லோ ஆடம்ஸ் என்ற வரலாற்றாசிரியர் பரப்பினார். ஒரு காலத்தில் அதில் உண்மையும் இருந்தது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து ஒன்பது வயதில் இங்கே வந்த பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடைய குழுவினரும் வரி ஆவணங்களையும் மக்கள்தொகைக் கணக்கையும் வைத்து ஆராய்ந்தார்கள். 1940இல் பிறந்த அமெரிக்கர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் தம் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்திருக்கிறார்கள்; 1980களில் பிறந்தவர்களில் அது பாதிப் பேராகக் குறைந்துவிட்டது. இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மொழியிலேயே படித்தவர்களின் கதை அது. நாடு முழுவதற்குமான கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் 2009 ஜூலையிலிருந்து 7.25 டாலரில் அசையாமல் நிற்கிறது. அதே காலத்தில் வாடகையும் மருத்துவச் செலவும் எங்கே போய்விட்டன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பது வயதில், கடனோடு, அச்சுத் தொழிலின் அனுபவத்துக்கு இங்கே எந்த மதிப்பும் இல்லாத நிலையில் வந்து சேர்ந்த ஒருவரால் மூன்று ஆண்டில் வீடு வாங்க முடியவில்லை என்றால், அதற்குச் சாமர்த்தியக் குறைவு காரணமல்ல. இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் கார் நிறுத்த இடம் தேடும் நம்மவர்களைப் பார்த்து உங்களை அளந்துகொள்ளாதீர்கள். அவர்களில் பெரும்பாலோர் பட்டத்தோடும் வேலைக் கடிதத்தோடும் வந்தவர்கள். அண்ணனும் அப்படித்தான் வந்தார். நீங்கள் வந்த வாசல் வேறு.

மகனும் மகளும்

மகனின் திருமணத்துக்கு வரன் பார்ப்பதாக ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். சட்டம் தெரிந்தவர் எவரும் அந்த வரியில் பதறுவார். நிரந்தரவாசியான நீங்கள், திருமணமாகாத மகனுக்காக மட்டுமே ஐ-130 என்ற உறவினருக்கான குடியேற்ற மனு போட முடியும். மனு போட்ட பிறகு, நீங்கள் குடியுரிமை பெறுவதற்கு முன் அவர் திருமணம் செய்துகொண்டால், அந்த மனு அந்த நாளோடு செத்துவிடும். நீங்கள் குடியுரிமை பெற்ற பிறகு அவர் திருமணம் செய்துகொண்டாலோ மனு பிழைக்கும், வரிசை மட்டும் நீளும். "குடியுரிமை வந்ததும் மனு போடலாம்" என்று அண்ணன் சொன்னதையும் ஏற்காதீர்கள். வரிசையில் இடம் கிடைப்பது மனு போட்ட தேதியிலிருந்து. காத்திருப்போ இப்போது ஒன்பது ஆண்டை ஒட்டி நிற்கிறது. இரண்டரை ஆண்டை ஏற்கெனவே இழந்துவிட்டீர்கள். ஆனால் இந்த விசாவுக்காக இருபத்தேழு வயது மகனின் வாழ்க்கையை நிறுத்தி வைப்பதா என்பது சட்டக் கேள்வி அல்ல. மகனிடம் முழு விவரத்தையும் சொல்லி, முடிவை அவரிடமே விடுங்கள். பதினெட்டு ஆண்டு வரிசையில் நின்றால் என்ன ஆகும் என்பதை அவர் உங்களைப் பார்த்தே அறிந்திருக்கிறார்.

மகள் பத்தொன்பது வயதில் கல்லூரிக்குப் போகாமல் மருந்துக்கடையில் கல்லாவில் நிற்கிறாள் என்பது என்னை வருத்தியது. "கிரீன் கார்டுக்கு ஐந்து ஆண்டு ஆனால்தான் உதவித்தொகை" என்று யாரோ சொன்னது தவறு. அந்த ஐந்து ஆண்டுத் தடை உணவு உதவி, வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிகெய்டு மருத்துவக் காப்பீடு போன்ற சில நலத்திட்டங்களுக்கு, அதிலும் பெரும்பாலும் பெரியவர்களுக்கு. நிரந்தரவாசி மாணவருக்குக் கூட்டாட்சிப் பெல் உதவித்தொகை முதல் நாளிலிருந்தே உண்டு. நியூ ஜெர்சியில் ஓராண்டு வசித்து, குடும்ப வருமானம் 65,000 டாலருக்குள் இருந்தால், எடிசனிலேயே இருக்கும் மிடில்செக்ஸ் கல்லூரி போன்ற சமுதாயக் கல்லூரியில் கல்விக் கட்டணமே இல்லாமல் படிக்க மாநிலத் திட்டம் இருக்கிறது. விண்ணப்பத்தில் கேட்பது உங்கள் வரிக் கணக்கை. அதைத் தாக்கல் செய்யச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகள், அதே வருமானமுள்ள உள்ளூர்க் குடும்பத்துப் பிள்ளைகளைவிட உயரே ஏறுகிறார்கள் என்று ரான் ஆப்ரமிட்ஸ்கி, லியா பூஸ்டன் என்ற பொருளியலாளர்கள் ஒரு நூற்றாண்டுக் கணக்கை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். அதைச் சாக்காக வைத்து, பிள்ளைகளுக்காகப் பெற்றோர் எதையும் தாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மகளுக்கான கதவு திறந்தே இருக்கிறது என்பதற்காக மட்டும் சொன்னேன்.

திரும்பிப் போவதா?

திரும்பிப் போவது தோல்வி என்று நான் கருதவில்லை. என்னிடம் வருபவர்களில் சிலருக்கு அதுவே சரியான முடிவாக இருந்திருக்கிறது. உங்களுக்கு அம்மா இருக்கிறார், நிலம் இருக்கிறது, தெரிந்த தொழில் இருக்கிறது. ஆனால் கூலிப் பாக்கியை விட்டுவிட்டு, கிரெடிட் கணக்கைச் சைபரில் விட்டுவிட்டு, கோபத்தில் ஒரே நாளில் டிக்கெட் எடுக்காதீர்கள். கிரீன் கார்டோடு 180 நாட்களுக்கு மேல் வெளியே இருந்தால், திரும்பும்போது புதிதாக நுழைபவரைப் போல் உங்களை விசாரிக்கலாம். குடியுரிமைக்கான ஐந்தாண்டுத் தொடர்ச்சியும் கேள்விக்குள்ளாகும். ஓராண்டைத் தாண்டினால் அந்த அட்டையை மட்டும் காட்டி உள்ளே வர முடியாது. நீண்ட நாள் தங்க நினைத்தால், இங்கிருந்து கிளம்புமுன்பே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது இரண்டு ஆண்டு வரை செல்லும்.

ஐந்தாண்டு நிறைவது 2028 மார்ச்சில். அதற்கு 90 நாள் முன்பிருந்தே என்-400 என்ற குடியுரிமை மனு போடலாம். கட்டணம் 760 டாலர், இணையத்தில் போட்டால் 710. உங்களைப் போன்ற வருமானக்காரர்களுக்கு 380 டாலர் என்ற குறைந்த கட்டணம் உண்டு. அதுவரை முறையான சம்பளத்தில் ஒரு வேலை, தாக்கல் செய்த வரிக் கணக்கு, நடந்துகொண்டிருக்கும் ஊதியப் புகார் என்ற நிலையில் இருந்தால், அப்போது நீங்கள் எடுக்கும் முடிவு பயத்தில் எடுத்ததாக இருக்காது. குடியுரிமையோடு ஊருக்குப் போனால் திரும்பி வரும் உரிமை உங்கள் கையில் இருக்கும். இந்தியக் குடியுரிமையை விட வேண்டியிருக்கும் என்பதையும், அதன்பின் புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது என்பதையும் மனத்தில் வைத்து முடிவெடுங்கள்.

மருத்துவமனை பில்லைப் பற்றி மட்டும் சுருக்கமாக. மருத்துவமனையின் நிதிப் பிரிவுக்குப் போய் "சாரிட்டி கேர்" விண்ணப்பம் கேளுங்கள். குடும்ப வருமானம் வறுமைக்கோட்டின் 200 சதவீதத்துக்குள் இருந்தால் மருத்துவமனைக் கட்டணம் முழுவதும், 300 சதவீதம் வரை ஒரு பகுதியும் தள்ளுபடியாகும். உங்கள் குடும்பம் பெரும்பாலும் இரண்டாவது வகையில் வரும். இது குடியுரிமை மனுவைப் பாதிக்காது. தனியாக பில் அனுப்பிய மருத்துவரின் கட்டணம் இதில் அடங்காது. அவருடைய அலுவலகத்தில் பேசித் தவணையாக்கிக்கொள்ளுங்கள்.

நான் சொன்னவை உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொன்னவை. புகாரில் கையெழுத்திடுமுன் உங்கள் ஆவணங்களை நேரில் பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு லீகல் சர்வீசஸ் ஆஃப் நியூ ஜெர்சி என்ற அமைப்பு சிவில் விவகாரங்களில் இலவச உதவி தருகிறது. ஊருக்குப் போன் செய்து நிலத்துக்கு விலை பேசுவதை நிறுத்தச் சொல்லுங்கள். பங்கு விஷயமாக முதலாளி மறுபடியும் கேட்டால், "கணக்குப் புத்தகத்தையும் ஒப்பந்தத்தையும் எழுத்தில் கொடுங்கள், வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.